யானையின் சூடு: நான் சொல்லாமல் விட்டது

1. தெர்மாமீட்டர் பிடித்தவன்

மிருக வைத்தியக் குழுவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை தெர்மாமீட்டர் பிடிப்பது. நீளமான வயரும் அதன் நுனியில் உலோகக் குச்சியும் உள்ள தெர்மாமீட்டர். மயங்கிய யானையின் வாலைத் தூக்கி, குச்சியை ஒரு சாண் உள்ளே செலுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர் படிவத்தில் எழுதிக்கொள்வார். பார்த்தால் யாரும் செய்யக்கூடிய வேலைதான். பதினொரு வருடம் அதைச் செய்தேன்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் கள உதவியாளர்களுக்காக அனுபவத்தை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். நல்லதாக நாலு விஷயம் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். என்னிடம் இருப்பது ஒரு யானையின் கதை. அது நல்ல கதை அல்ல. ஆனால் வேறு எதை எழுதினாலும் அது பொய்யாகிவிடும்.

என் ஊர் பாலமுனை. காவலாளியாகத்தான் வனசீவராசிகள் திணைக்களத்தில் சேர்ந்தேன். சிங்களமும் தமிழும் கதைப்பேன் என்பதாலும் யானைக்குப் பக்கத்தில் போகப் பயமில்லை என்பதாலும் டொக்டர் சுகந்தி என்னைத் தன் குழுவுக்கு எடுத்தார். அவர் திருக்கோவில்காரர். எங்கள் பகுதிக்கு வந்தபோது முப்பது வயது தாண்டியிருக்காது. நான் அவரை மிஸ் என்பேன். அவர் என்னை அண்ணன் முறையில் நானா என்பார்.

முதல் நாள் வேலை வாடைக்காற்று மழைக்குள் வந்தது. செங்கல் வாடிக்காரர்கள் மண் வெட்டிய குழியில் ஒரு யானைக்குட்டி விழுந்து கிடந்தது. கயிறு போடப் போனவர்களை எல்லாம் உதைத்தது. மிஸ் சிறிய அளவில் மயக்க மருந்து கொடுத்தார். குட்டி அடங்கியது. நான் குச்சியைச் செலுத்தி முப்பத்தைந்து தசம் எட்டு பாகை என்றேன். யானைக்குச் சாதாரணமாக முப்பத்தாறு அளவில் இருக்கும், பரவாயில்லை என்றார். கொஞ்ச நேரத்தில் முப்பத்தைந்து. பிறகு முப்பத்து நாலு தசம் இரண்டு. நான் தெர்மாமீட்டர் பிழை என்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன். மிஸ் ஓடிவந்து, அகப்பட்ட சாக்கு, வைக்கோல், ஜீப்பை மூடும் படங்கு எல்லாவற்றையும் குட்டியின் மேல் போடச் சொன்னார். வாடிக்காரர்களிடம் சுடுதண்ணீர் வாங்கிப் போத்தல்களில் நிரப்பி அதன் கக்கத்துக்குள் வைத்தோம். மயக்கம் தெளிவிக்கும் மாற்று மருந்து கொடுத்த பிறகு குட்டி நடுங்கத் தொடங்கியது. நடுக்கத்தைக் கண்டுதான் மிஸ் சிரித்தார். நடுங்கினால் பிழைத்துவிடும் என்றார். பின்னேரம் அது தாயோடு போய்ச் சேர்ந்தது.

திரும்பி வரும்போது, ஒரு மருந்து எப்படி உடம்பைக் குளிராக்கும் என்று கேட்டேன். அவர் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன்.

"மூளைக்கு அடியில ஒரு சின்ன இடம் இருக்கு நானா. உடம்புச் சூடு கூடினா இறக்கிறதும் குறைஞ்சா ஏத்திறதும் அதுதான். அங்க நரம்புகள் ஒண்டோட ஒண்டு கதைக்கிறது சில ரசாயனங்களால. நோர்அட்ரினலின், செரட்டோனின், டோபமின் எண்டு கொஞ்சம் இருக்கு. நாங்க குடுக்கிற சைலசின் அந்த நோர்அட்ரினலினக் குறைக்கும். அதாலதான் மிருகம் மயங்குது. ஆனா சூட்டைப் பார்க்கிற இடமும் சேர்ந்து மயங்கிடும்."

அப்படியென்றால் மருந்து கொடுத்தால் எப்போதும் குளிர்தானா என்று கேட்டேன்.

"இல்ல. மழைக்க குடுத்தா குளிரும். வெயிலுக்க குடுத்தா சூடேறும். காவல் இல்லாத வளவு மாதிரி. வெளிய என்ன இருக்கோ அது உள்ள வந்திடும்."

இன்னொன்றும் சொன்னார். பயந்து ஓடி வந்த மிருகத்துக்கு, கோபத்தில் நிற்கும் மிருகத்துக்கு இந்த மருந்தை அடிக்கக்கூடாது. அதன் மூளையில் நோர்அட்ரினலின் ஏற்கெனவே பொங்கி நிற்கும். நாம் குறைக்கப் பார்ப்பதை அது கூட்டிக்கொண்டே இருக்கும். மருந்து பிடிக்காது. பிடிக்கவில்லையே என்று இன்னும் கொடுத்தால், ஓடிய சூடும் மருந்தின் கேடும் ஒன்றாகச் சேரும். அப்படிப்பட்ட மிருகத்தை ஆறவிட வேண்டும், ஒரு நாள் போனாலும் பரவாயில்லை என்றார்.

பாடசாலைப் பிள்ளைகள் அலுவலகத்துக்கு வரும்போது இதை நானே அவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

2. கால் புண்

ஒலுவிலுக்கு மேற்கே வயல்கள் முடியும் இடத்தில் ஊர்க் குப்பை கொட்டும் மேடு ஒன்று இருக்கிறது. அங்கே யானைகள் வரும். சாப்பாட்டு வாசத்துக்கு வந்து பொலித்தீனோடு சேர்த்துத் தின்னும். அந்தக் கூட்டத்தில் கொம்பில்லாத ஒரு பெரிய ஆண் யானை இருந்தது. அப்படிப்பட்டதை எங்கள் பக்கத்தில் அலியன் என்போம். யாரோ பன்றிக்குப் பொறியாக வைத்த கட்டுத்துவக்கு வெடித்து அதன் முன்னங்காலில் ஈயம் ஏறியிருந்தது. கால் வீங்கிச் சீழ் கட்டியது. கூட்டத்தோடு நடக்க முடியாமல் அது தனித்துப்போய், குப்பை மேட்டுக்கும் வயலுக்கும் நடுவில் கிடந்தது. நோவில் நிற்கும் யானை. ஆளைக் கண்டால் துரத்தும்.

சின்னப் போக வேளாண்மை கதிர் தள்ளுமுன் குடலைப் பருவத்தில் இருந்த நேரம், ஒரு விடியற்காலை அது ஆதம்பாவா என்ற விவசாயியை வாய்க்கால் ஓரத்தில் வைத்து அடித்துக் கொன்றது. வக்து தவறாமல் தொழும் மனிதர். தொழுகைக்கு முன் வுளூச் செய்யத் தண்ணீருக்கு இறங்கியவர் திரும்பி வரவில்லை. அவருடைய மகன் இம்தியாஸ்தான் போய்க் கண்டான். ஜனாஸா அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். திணைக்களச் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போனேன்.

அதன் பிறகு ஊரார் அலுவலகத்துக்கு வந்து, இதைச் சுடுங்கள் அல்லது கொண்டுபோங்கள் என்றார்கள். மிஸ் இரண்டும் வேண்டாம் என்றார். காலைத் திறந்து சீழ் எடுத்து மருந்து வைத்தால் அது கூட்டத்தோடு சேர்ந்து போய்விடும், நோவு போனால் கோபமும் போகும் என்றார். எங்கள் அலுவலகத்துக்குப் பொறுப்பான ரேஞ்சருக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் விட்டார். மிஸ் பள்ளிவாசல் முன்றலில் நின்று ஊராருக்கு வாக்குக் கொடுத்தார். ஒரு கிழமை தாருங்கள், அதுவரைக்கும் யாரும் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். இம்தியாஸ் தூணில் சாய்ந்து நின்றான். மற்றவர்கள் தலையாட்டியபோது அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

என் மனைவியின் தம்பி நௌசாத்துக்கு ஆதம்பாவாவின் வயலுக்கு அடுத்த வயல். காவல் வாடிக் குடிலை யானை சரித்தபோது அவன் உள்ளே இருந்தான். தோள் எலும்பு முறிந்தது. மூன்று பிள்ளைகளின் தகப்பன். மருந்து அடிக்கும் நாளும் இடமும் குழுவுக்கு வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. தெரிந்தால் சனம் கூடும். முந்தின நாள் பின்னேரம் நான் நௌசாத்தின் வீட்டுக்குப் போனேன். நாளைக்குக் காலையில் உங்கள் பக்கம்தான் வருகிறோம், நீ வயலுக்குப் போகாதே என்று சொன்னேன். அவன் நல்லதுக்காகத்தான் சொன்னேன். அவனும் பக்கத்து வயல்காரன் நல்லதுக்காகத்தான் இம்தியாஸுக்குச் சொல்லியிருக்கிறான்.

3. ஜீப்புக்குள் வந்த ஃபோன் கோல்

கச்சான் காற்று அடிக்கும் காலம். அந்தக் காற்றுக்குக் காலை எட்டு மணிக்கே முகம் எரியும். அதனால் ஆறரைக்கு முன் மருந்து அடித்து, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்பது மிஸ்ஸின் திட்டம். ஆறு பத்துக்கு ஜீப் பிரதான வீதியால் போய்க்கொண்டிருந்தபோது என் ஃபோன் அடித்தது. நௌசாத்.

"மச்சான், நீங்க வாறதுக்குள்ள பொடியன்மாரு யானை வெடி கொளுத்திப் போட்டுட்டானுகள். இம்தியாஸும் கூட்டாளிமாரும். சுபஹ் தொழுகை முடிஞ்ச கையோட தொடங்கினவனுகள். யானை நொண்டி நொண்டி ரெண்டு வட்டம் ஓடிட்டு. இப்பதான் நாணலுக்குள்ள போய் நிக்கிது. நான் சொன்னதெண்டு யாருக்கும் சொல்லாதீங்க."

நான் சரி என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

"யாரு நானா?" என்று மிஸ் கேட்டார்.

"வீட்டால மிஸ்."

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு கணக்கும் இருக்கவில்லை. வெடி போட்டதைச் சொன்னால், அவர்களுக்கு இடம் எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வரும். அது என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ரேஞ்சர் முன்சீட்டில் இருந்தார். அவ்வளவுதான். என் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு, போய்ப் பார்ப்போம், யானை ஓடிக்கொண்டிருந்தால் மிஸ்ஸே விட்டுவிடுவார் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

யானை ஓடிக்கொண்டிருக்கவில்லை. நாங்கள் அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஏழரை ஆகிவிட்டது. நாணல் ஓரத்தில் முன்காலை மடித்து வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. மேலே புழுதி. அமைதியான யானை என்றுதான் யாரும் சொல்வார்கள். காது மட்டும் ஓயாமல் வீசியது. யானைக்கு வியர்வை இல்லை. காதில் ஓடும் இரத்தத்தைக் காற்றில் ஆற்றித்தான் உடம்புச் சூட்டை இறக்கும். காது அப்படி வீசுகிறதென்றால் உள்ளே கொதிக்கிறது என்று பொருள். மிஸ் கண்ணில் வைத்த துரபீனை இறக்காமல் கேட்டார்.

"காது கடுமையா வீசுது. இத யாரும் வெரட்டினதா நானா? அங்க நிக்கிற ஆக்களிட்டக் கேட்டு வாங்க."

தூரத்து வரம்பில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் போனேன். இம்தியாஸ் நின்றான். அவன் காலடியில் வெடி மருந்துத் தாள் கிடந்தது. நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் தாளைக் காலால் மண்ணுக்குள் மிதித்தான். நான் திரும்பி வந்தேன்.

"இல்ல மிஸ். கச்சானுக்குத்தான் வீசுது போல."

மிஸ் நான் சொன்னதை நம்பினார். அத்தனை வருடத்தில் நான் அவருக்கு எண்ணைப் பிழையாகச் சொன்னதே இல்லை.

4. முப்பத்தெட்டு தசம் எட்டு

ஏழு ஐம்பதுக்கு, துவக்கால் அடித்த முதல் டார்ட் ஊசி யானையின் பின்தொடையில் பிடித்தது. சைலசினும் கெட்டமினும் கலந்த மருந்து. வழமையாகப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தும்பிக்கை தொங்கும், குறட்டைச் சத்தம் கேட்கும், நின்றபடியே யானை உறங்கும். இது உறங்கவில்லை. தலையைத் தொங்கவிட்டு, பிறகு திடீரென்று உதறி நிமிர்ந்து பத்தடி நடந்தது. இப்படியே நாலைந்து தடவை. இருபத்தைந்து நிமிடமாயிற்று. மிஸ் தன் தாளை எடுத்துத் திரும்பக் கணக்குப் பார்த்தார். பாதச் சுற்றளவை வைத்து உயரம், உயரத்தை வைத்து நிறை, நிறையை வைத்து மருந்து. யானை நினைத்ததைவிடப் பெரியதோ என்று என்னிடம் கேட்டார்.

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் இரண்டாவதை அடித்திருக்க மாட்டார். மாற்று மருந்து கொடுத்து அதை நாணலுக்குள் விட்டிருப்பார். நான், இருக்கலாம் மிஸ் என்றேன்.

இரண்டாவது டார்ட் அடித்து எட்டு நிமிடத்தில் யானை விழுந்தது. நின்றபடி உறங்க வேண்டியது, நெஞ்சு அடிபட வரம்பின் மேல் விழுந்தது. அப்படிக் கிடந்தால் அதன் நிறையே அதை மூச்சு விட விடாது. கயிறு போட்டுப் பக்கவாட்டில் புரட்டினோம். நான் வாலைத் தூக்கிக் குச்சியைச் செலுத்தினேன்.

முப்பத்தெட்டு தசம் எட்டு.

மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்னொருக்கால் பாருங்கள் என்றார். பார்த்தேன். முப்பத்தொன்பது தசம் ஒன்று. அவர் காதை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். காது நரம்புகள் கயிறு போலப் புடைத்து நிற்க வேண்டும். அவை சுருங்கிக் கிடந்தன. அந்த மருந்து அதையும் செய்யும். சூட்டை வெளியே விடுகிற கதவையும் மூடிவிடும். மிஸ் கால் புண்ணைத் தொடவே இல்லை. கொண்டுவந்த கத்தி, மருந்து எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தன. உடனே மாற்று மருந்தான யோகிம்பினைக் காது நரம்பில் ஏற்றினார். தண்ணீர், தண்ணீர் என்றார்.

நாங்கள் ஒழுங்கு செய்திருந்த தண்ணீர் பவுசர் வண்டி வரவில்லை. மருந்து அடிப்பதைப் பார்க்க வந்த சனத்தின் மோட்டார் சைக்கிளும் ட்ரக்டரும் வயல் பாதையை அடைத்து நின்றன. பவுசர் அதற்குப் பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது. நான் கொண்டுவந்த நாலு கேன் தண்ணீரும் ஒரு காதை நனைக்கவே போதவில்லை.

வரம்பில் நின்ற இம்தியாஸ்தான் முதலில் இறங்கி வந்தான். வாய்க்காலுக்குள் குதித்து, உர பேக் ஒன்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு ஓடி வந்தான். அவனைக் கண்டு மற்றவர்களும் வந்தார்கள். வாளி, ஹெல்மட், சாக்கு, அகப்பட்ட எல்லாவற்றாலும் அள்ளினார்கள். வாய்க்காலிலிருந்து யானை வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். நௌசாத் ஒரு கையால் வாளி வாங்கி மறு பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தான். விடியக் காலையில் வெடி போட்ட அதே ஆட்கள். வாய்க்கால் தண்ணீரும் சூடாகத்தான் இருந்தது.

மாற்று மருந்துக்குப் பிறகு காது ஒரு தடவை அசைந்தது. தும்பிக்கை நுனி மண்ணைத் தடவியது. மிஸ் அதன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழும்பு, எழும்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நாற்பது. நாற்பது தசம் ஆறு. நாற்பத்தொன்று. மருந்தைத் திருப்பலாம், சூட்டைத் திருப்ப முடியாது என்று அன்றைக்குக் கண்டேன். தசை வெந்துவிட்டால் பிறகு மூளை சொன்னாலும் உடம்பு கேட்காது.

நண்பகல் லுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முன் மூச்சு நின்றது. இம்தியாஸ் அதற்குப் பிறகும் இரண்டு தடவை தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். நௌசாத் பிடித்து நிறுத்தினான்.

"வாப்பாட மையித்து வீட்ட இருக்கக்குள்ள இதுக்கு மௌத் வரோணும் எண்டு துஆக் கேட்டனான் காக்கா" என்று இம்தியாஸ் என்னிடம் சொன்னான். "இப்பிடிக் கேக்கல்ல."

தகப்பனின் உடல் வீட்டில் கிடந்தபோது அவன் கேட்டது யானையின் சாவை. நான் தெர்மாமீட்டர் வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

பின்னேரம் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது ஒரு சாக்கு அளவுக்குப் பொலித்தீன் இருந்தது. காலில் எட்டு ஈயத் துண்டுகள். மிஸ் அவற்றைக் கழுவி எண்ணி ஒரு போத்தலில் போட்டார்.  போத்தலின் மூடியை நான்தான் பூட்டிக் கொடுத்தேன்.

5. விசாரணை

யாரோ ஃபோனில் எடுத்த வீடியோ அன்றைக்கே முகநூலில் ஓடியது. அதில் தண்ணீர் ஊற்றுவது இல்லை. இரண்டாவது டார்ட் அடிப்பதும் யானை விழுவதும் மட்டும்தான். கீழே ஆயிரம் பேர் எழுதினார்கள். டொக்டருக்குக் கணக்குத் தெரியாதா என்று கேட்டார்கள். பெண்ணுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டார்கள். திருக்கோவிலில் அவருடைய வீட்டுக்கும் ஆட்கள் போய்க் கேட்டதாக அறிந்தேன்.

திணைக்களம் விசாரணை வைத்தது. இரண்டாவது மருந்து ஏன் கொடுக்கப்பட்டது, வெயில் ஏறிய பிறகு ஏன் தொடங்கப்பட்டது என்ற இரண்டு கேள்வியையும் மிஸ்ஸிடம்தான் கேட்டார்கள். அவர் இரண்டுக்கும் தானே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தார். அது அவர் பேரில் குற்றக் குறிப்பாகப் பதிந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். மருந்து அடிக்குமுன் யானையை யாராவது துரத்தினார்களா, உமக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

ஊரில் ஒருவர்கூட வெடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. தகப்பனைப் பறிகொடுத்தவன் மேல் வழக்கு வந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். நௌசாத் ஒரு தடவை என் வீட்டுக்கு வந்து, என்ன செய்வோம் மச்சான் என்று கேட்டான். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். இம்தியாஸைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் நான் காப்பாற்றியது என்னையும் என் பென்ஷனையும்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் மிஸ்ஸோடு வேலை செய்தேன். ஜீப்பில் போகும்போது மடியில் ஒரு தாளை வைத்துக் கணக்குப் பார்ப்பார். அந்த யானையின் பாதச் சுற்றளவு, நிறை, மருந்தின் அளவு. எந்த வழியால் போட்டாலும் முதல் டார்ட் பிடித்திருக்கத்தான் வேண்டும் என்று வரும். தாளைக் கசக்கிவிட்டு அடுத்த நாள் புதுத் தாளில் தொடங்குவார். ஒரு தடவை என்னிடம், "எங்கயோ ஒரு பிழை விட்டிருக்கன் நானா, என்ட கண்ணுக்குத்தான் அது படுகுதில்ல" என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வேறு யானைகளுக்கு மருந்து அடிக்கும்போது அவருக்குக் கை வரவில்லை. துவக்கைத் தூக்குவார், இறக்குவார். இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினோம். மூன்றாம் தடவைக்குப் பிறகு வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தார். கொழும்பில் ஒரு கோழித் தீவனக் கம்பனியில் மாதிரி பரிசோதிக்கும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். போகும் நாள் எனக்கு ஒரு சட்டைத்துணி தந்தார். அதைத் தைக்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

6. பாடம்

ஓய்வு பெற்று எட்டாவது மாதம் மிஸ்ஸுக்கு ஃபோன் எடுத்தேன். அது எனக்கு வீரம் அல்ல. பென்ஷன் உறுதியான பிறகுதான் எடுத்தேன் என்பதையும் இதில் எழுதிவிட வேண்டும்.

சுகம் விசாரித்தார். என் மகளின் படிப்பைக் கேட்டார். நான் நடுவில் புகுந்து சொல்லத் தொடங்கினேன். முந்தின நாள் நௌசாத்துக்குச் சொன்னது, வெடி, ஜீப்புக்குள் வந்த கோல், வரம்புக்குப் போய் ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தது, விசாரணையில் வைத்த கையொப்பம்.  

"எத்தின மணியில இருந்து வெரட்டினவங்கள்?" என்று கேட்டார்.

"சுபஹ் முடிஞ்ச கையோட மிஸ். அஞ்சேகால் இருக்கும்."

"நாங்க டார்ட் அடிக்க ரெண்டரை மணித்தியாலம் முந்தி."

"ஓம் மிஸ்."

"அப்ப என்ட கணக்குச் சரி."

அதில் சந்தோஷம் இருக்கவில்லை. எத்தனையோ வருடமாகத் தேடிய பொருளை, தேவை முடிந்த பிறகு கண்டெடுத்தவரின் குரல். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதை முடிக்க விடவில்லை.

"நான் உங்களிட்டக் கேட்டனான் நானா. ரெண்டு தரம் கேட்டனான். நீங்க சொல்லியிருந்தா ஜீப்பத் திருப்பிக்கொண்டு வந்திருப்பன். அவ்வளவுதான் வேலை."

பிறகு, சரி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டார். அடுத்த நாள் எடுத்தேன். அவர் தூக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. கோபத்தில் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த ஆறுதலைத் தர அவருக்கு ஒரு கடமையும் இல்லை.

திணைக்களத்துக்கும் ஒரு கடிதம் எழுதினேன். அந்த விசாரணையில் நான் கொடுத்த வாக்குமூலம் பொய், டொக்டரின் பேரில் பதிந்த குறிப்பை நீக்க வேண்டும் என்று கேட்டேன். குறித்த கோப்பு முடிவுறுத்தப்பட்டுவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நேரே போனேன். அங்கே இருந்தவர் தன்மையாகத்தான் கதைத்தார். விட்டுவிடுங்கள் நானா, இனி அதைக் கிளறி யாருக்கு என்ன பயன் என்றார். அந்த வருகையின்போதுதான் புதியவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்றும் கேட்டார்கள்.

ஆகவே, தம்பிமாரே, தங்கச்சிமாரே, எழுதுகிறேன். மருந்தின் பெயர்கள் மாறும். இப்போது சைலசினைவிட நல்ல மருந்துகள் வந்திருப்பதாக அறிகிறேன். ஆனால் எந்த மருந்தும் யானையின் மூளைக்குள் காலியான இடத்துக்குப் போவதில்லை. அங்கே பயம் முதலே இருக்கும், ஓட்டம் இருக்கும், யாரோ கொளுத்திய வெடி இருக்கும். உங்கள் படிவத்தில் முதல் வெப்பநிலை எழுதும் கட்டம் யானை விழுந்த பிறகுதான் வருகிறது. அதற்கு முன் இரண்டு மணித்தியாலம் அந்த மிருகம் என்ன செய்தது என்று எழுத ஒரு கட்டமும் இல்லை. அதை டொக்டர் உங்களிடம் வாயால்தான் கேட்பார். நீங்கள் ஊர்க்காரர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததைச் சொல்லுங்கள். அதைச் சொல்வதால் மச்சானுக்குக் கேடு வரலாம், உங்களுக்கும் கேடு வரலாம். வரட்டும். சொல்லாமல் விட்டதால் எனக்கு ஒரு கேடும் வரவில்லை. பதவியோடு இருந்தேன், மாலை போட்டு அனுப்பினார்கள்.

போன மாதம் நௌசாத் ஃபோன் எடுத்தான். குப்பை மேட்டில் இன்னொரு யானை நொண்டுகிறதாம், முன்னதைவிட இளசு. பொடியன்மார் காலையிலிருந்து வெடி போடுகிறார்களாம். புது உதவியாளர்களோடு டொக்டரும் வந்திருப்பார் என்ற நம்பிக்கையில் நான் உடனே அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தேன். யானையை விரட்டியிருக்கிறார்கள், இன்றைக்கு மட்டும் மருந்து அடிக்க வேண்டாம் என்று டொக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். மறுமுனையில் கதைத்த பிள்ளை ஊர், பெயர் எல்லாம் மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொண்டது. பிறகு, மிஸ் போனதற்குப் பின்னால் எங்கள் பகுதிக்கு இன்னும் டொக்டர் ஒருவரையும் போடவில்லை என்று சொன்னது.